குதிரை மணி கேட்ட ஓடை

உட்கார்ந்தே சொல்றேன் சபையாரே, மன்னிக்கணும். முழங்கால் இன்னும் நிற்க விடல.

போடியில எனக்கு ஏலக்காய்க் கடை. போன பங்குனியில பேத்தி பெனிட்டாவுக்கு மலையைக் காட்டக் கூட்டிப்போனேன். பத்து வயசுப் பிள்ளை. "ஜீப்புலயே வாங்கப்பா"ன்னு மக சொல்லிவிட்டா. நான் கேட்கல. மேல ஏலக்காய் எஸ்டேட்டைப் பார்த்துட்டுத் திரும்பும்போது குறுக்கு வழின்னு காய்ஞ்ச ஓடையில இறங்கினேன். ஓடையைப் பிடிச்சா அடிவாரத்துக் குரங்கணி வந்துரும்னு எங்க ஆளுங்க சொல்றதுதான்.

பாறை பாறையாச் சறுக்கி இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்துச்சு. பாதியில எனக்கே வழி குழம்பிப் போச்சு. அப்ப மிளகு மூடை ஏத்தின குதிரைகளோட மணிச்சத்தம் மேல் பாதையில கேட்டுச்சு.

"தாத்தா, அவங்களைக் கூப்பிடுங்க."

"வேண்டாம்த்தா. நாப்பது வருசமா மலை ஏறினவன் வழி தப்பிட்டான்னு ஊரே சிரிக்கும்."

மணிச்சத்தம் தேய்ஞ்சு போச்சு. கொஞ்ச தூரத்துல ஓடையும் முடிஞ்சு போச்சு. முன்னால பனை உயரத்துக்குச் செங்குத்துப் பள்ளம். சறுக்கினதுல என் முழங்கால் அடிபட்டு, அந்தப் பாறையில திரும்ப ஏற முடியல. பாட்டில்ல தண்ணி இல்ல. பிள்ளைக்கு உதடு வெடிச்சிருந்துச்சு. நான் உட்கார்ந்துட்டேன். அவ்வளவு அசதி. ஜெபம் பண்ணக்கூட வாய் வரல.

அவதான் கண்ணை மூடினா. "ஏசப்பா, தாத்தாவுக்கு வழி தெரியல. ஆனா சொல்ல மாட்டேங்குறாரு. நீங்களாச்சும் அந்தக் குதிரைக்காரங்களை நிறுத்தி வைங்க."

எனக்கு அழுகை வந்துருச்சு. எழுந்திரிச்சு, வெட்கத்தை விட்டுக் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மேலேயிருந்து ஒரு குரல்: "யாருப்பா அது?"

குதிரைக்காரர் மூடை கட்டுற கயித்தை இறக்கி, முதல்ல பிள்ளையை, அப்புறம் என்னை இழுத்தார்.

"ஒரு மூடை சரிஞ்சுருச்சு அண்ணே. எத்தனை தடவை கட்டினாலும் நிக்கல. இல்லாட்டி இந்நேரம் குரங்கணியில இருந்திருப்பேன்"ன்னார்.

அன்னைக்கு மகளுக்கு நானே போன் பண்ணினேன். "தப்பு என் மேலதான் ஆத்தா"ன்னு சொன்னேன். அறுபத்தெட்டு வயசுல முதல் தடவை. இப்பல்லாம் தெரியாததைத் தெரியலன்னு சொல்லிடுறேன். உடம்பு அலுத்தாலும் மனசு லேசா இருக்கு. கர்த்தருக்கு நன்றி.

உங்கள்ல யாராச்சும் ஏறவும் முடியாம இறங்கவும் முடியாம உட்கார்ந்திருந்தா, கௌரவம் பார்க்காதீங்க, அவரைக் கூப்பிடுங்க. நான் மணிச்சத்தம் கேட்டும் கூப்பிடாதவன். எனக்காகவும் அவர் ஒரு மூடையைச் சரிச்சு வச்சுக் காத்திருந்தார்.