தேரிக் கோயிலின் தரையில் உட்கார்ந்து போனேன்

போன மாதம் எங்கள் சபையிலிருந்து திசையன்விளைப் பக்கம் ஒரு வேன் போனது. தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குள் புதைந்து கிடந்து, பிறகு தோண்டியெடுக்கப்பட்ட ஒரு பழைய கோயிலையும் அதன் மொசைக் தரையையும் பார்க்கத்தான். பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு ஏற்பாடு செய்தவர் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "மணல்ல நடக்கணும்மா. ஒங்களுக்கு எதுக்கு செரமம்?" எனக்கு நான்கு வயதில் போலியோ வந்தது. இடது காலில் பூட்ஸோடு சேர்ந்த இரும்புக் காலிப்பர் போட்டிருக்கிறேன். நாற்பது வருடமாக என் சிரமத்தை நான்தான் படுகிறேன். இவருக்கு என்ன வந்தது? அடுத்த சனிக்கிழமையே தனியாகக் கிளம்பினேன்.

நெல்லை புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.10க்கு வண்டி. 8.20க்குத் திசையன்விளை. இரண்டு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் 50 ரூபாய் (சட்னியைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்). அங்கிருந்து 9 கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட ஆட்டோவுக்கு 500 ரூபாய். ஓட்டியவர் பீர் பாய், நல்ல மனிதர். தார் ரோடு முடிந்த இடத்தில் என் காலைப் பார்த்தார்.

"எக்கா, காலு பொதையும். நீங்க வண்டியிலயே இருங்க. நான் போயி போன்ல படம் புடிச்சிட்டு வாரேன்."

"படம் பாக்கதுக்கா பாய் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்?"

400 மீட்டர் மணல். உங்களுக்கு ஆறு நிமிடம், எனக்கு முப்பத்தைந்து. இரண்டு முறை விழுந்தேன். பீர் பாய் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தார். கை கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கொடுக்கவில்லை.

இடுப்பளவு சுவர்கள், மேலே தகரக் கூரை, உள்ளே எதிர்க்கோடியில் பீடம். கோயில் எந்தக் காலத்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதில் நான் தலையிடப்போவதில்லை. பக்கத்து ஊர் ரோஸ்லின் தான் காவல். தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். சுண்ணாம்புக் காரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான பீங்கான் சில்லுகள், நடுநடுவே கடல் சிப்பி. அடடா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"அக்கா, பூட்ஸோட ஏறப்படாது. சில்லு பேந்துரும்."

பூட்ஸைக் கழற்றினால் காலிப்பரும் போய்விடும், நிற்க முடியாது. சொன்னேன். அவருக்கும் சங்கடம்தான். "அப்பம் இங்கன ஓரமா நின்னு பாருங்க. இல்லன்னா சாக்கு விரிக்கேன், உக்காருங்க, பையப் பைய இழுத்துட்டுப் போறேன்."

"நான் என்ன நெல்லு மூட்டையா?"

கோபம் அவர்மேல் இல்லை. தரையைக் காப்பாற்றுகிறார், அது சரி. வாசலிலேயே உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றி வைத்தேன். கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர ஆரம்பித்தேன். சுடிதார் முழுக்கச் செம்மண். பீர் பாய் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பார்த்தால்தான் என்ன!

பாதி தூரம் போனதும் ஒன்று தட்டுப்பட்டது. சில்லுகள் மீன் செதில் மாதிரி அரைவட்டம் அரைவட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு அரைவட்டத்தின் நடுவில் உட்கார்ந்து கையை நீட்டினேன். விளிம்பு என் விரல் நுனியில் நின்றது. நகர்ந்து அடுத்ததில் நீட்டினேன். அங்கேயும் அப்படித்தான்.

ரோஸ்லினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். "ஏ யம்மா! இத்தன வருசமா நின்னுக்கிட்டே பெருக்குதேன், இது தெரியலயே!"

இந்தத் தரையைப் போட்டவர் உட்கார்ந்து, கை எட்டும் வரை பதித்து, பின்பக்கமாக நகர்ந்து, மறுபடி பதித்திருக்கிறார். ஈரக் காரையை மிதிக்காமல் வெளியே வர வேண்டுமே, அதனால் அவர் பீடத்திலிருந்து வாசலுக்கு. நான் வாசலிலிருந்து பீடத்துக்கு. அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு மணல் கொதிக்கும். கட்டணம் இல்லை. கழிப்பறையும் இல்லை. தண்ணீர் இரண்டு லிட்டர். காலிப்பர் போடுகிறவர்கள் கையுறையும் பழைய உடுப்பும் கொண்டு போங்கள்; யார் என்ன சொன்னாலும் போங்கள்.

எங்கள் சபையில் பட்டியல் போட்டவருக்கு: உங்கள் வேனில் போன அத்தனை பேரும் அந்தத் தரையை நின்றுதான் பார்த்தீர்களாம், விசாரித்துவிட்டேன். மறுபடி போவதாக இருந்தால் சொல்லுங்கள். எப்படிப் பார்ப்பது என்று நான் கூட வந்து காட்டுகிறேன்.