வேலாயி அக்கா கூரை போட்ட புற்று

வேலாயி அக்கா யாராவது தும்மினாலும் சகுனம் பார்ப்பாள். மெர்லிமாவ் பக்கத்தில் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அவளைப் போலப் பயந்தவளும் இல்லை, பயத்தைச் சோறு போட்டு வளர்த்தவளும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போன பிறகு, லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த கறையான் புற்றுக்கு மஞ்சள் வைத்து, பால் ஊற்றி, வேண்டிப் பெற்றவன் கவிநேசன். அன்றிலிருந்து அந்தப் புற்றுதான் அவளுக்கு அம்மன்.

அம்மனிடம் உத்தரவு கேட்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மழை பெய்த மறுநாள் புற்றில் ஈரமாகப் புது மண் ஏறியிருந்தால் சரி என்று அர்த்தம். ஏறவில்லையென்றால் வேண்டாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தது, அவன் மோட்டார் சைக்கிள் வாங்கியது எல்லாம் கறையான் கட்டிய மண்ணைப் பார்த்துத்தான். நம்ம வீட்டுக்குக் கறையான்தான் மேனேஜர் என்று அவள் புருஷன் மாயாண்டி கேலி செய்வார். ஆனால் மழைக்கு மறுநாள் அவரும் எட்டிப் பார்க்காமல் வேலைக்குப் போனதில்லை.

தொண்ணூற்று நான்கில் அடைமழை. புற்று கரைந்துவிடுமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். கடைசியில் கவிநேசனும் அவன் கூட்டாளிகளும் புற்றுக்கு மேலே தகரக் கூரை போட்டு, சுற்றிலும் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தார்கள். பொங்கல் வைத்தோம். எல்லாருக்கும் பெருமை.

அடுத்த வருஷம் கவிநேசனுக்கு மலாக்காவில் பெக்டரி வேலை கிடைத்தது. கண்ட நேரத்தில் ஷிப்டு. லாரிகளுக்கு நடுவே தினமும் போய்வருவதைவிட, பெக்டரிக்குப் பக்கத்தில் கிளேபாங்கில் கூட்டாளிகளோடு ரூம் எடுத்துத் தங்குகிறேன் என்றான். வேலாயிக்கு அவன் பிறந்ததிலிருந்து கண்ணைவிட்டு அகலாத பிள்ளை. மண்ணு வரட்டும், அப்புறம் போ என்று சொல்லிவிட்டாள்.

மழை வந்தது, போனது. மண் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஊற்றிய பால் முன்பு போல உள்ளே இறங்காமல் சிமெண்டில் வழிந்து புளித்தது. புற்று வெளிறி, விரிசல் விட்டது. அம்மன் கோபமாக இருக்கிறாள், பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அவன் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்பாள். அவனோ, ரூம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தவித்தான்.

ஒரு மழைக்கு மறுநாள் அவள் செம்பனைக் காட்டில் களைக்கு மருந்தடிக்கப் போனாள். பாதையோரம் ஒரு புற்று. கூரையில்லாமல் விடிய விடிய நனைந்த புற்று. அதன் மேல் கறையான்கள் ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் தண்ணீர் தேங்கவே இல்லை. அவை குடைந்த வழியாகவே மழை உள்ளே இறங்கியிருந்தது. அடுத்த புற்றிலும் அப்படித்தான். மண் நனைந்தால்தானே அவை கட்டும்? அவளுடைய புற்றுக்குச் சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை. முதுகிலிருந்த மருந்து டின்னை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மாயாண்டியிடம் சொன்னாள்.

"கேள்வியையும் கேட்டுட்டு, வாயையும் நானே அடைச்சு வச்சிட்டேங்க."

மாயாண்டி கூரையைக் கழற்றினார். சிமெண்டை அவளே கடப்பாறையால் உடைத்தாள். அடியில் மண் மாவாகக் காய்ந்து கிடந்தது. பிறகு மழைக்குக் காத்திருந்தாள். மண் வராவிட்டால் அம்மன் இல்லை, வந்தால் பிள்ளை வீட்டில் இல்லை. எதைத்தான் வேண்டிக்கொள்வது என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

மழை பெய்தது. விடிந்ததும் முதலில் போனவள் அவள்தான். உடைந்த சிமெண்டு ஓரமாக ஒரு கைப்பிடி புது மண். ஈரமாக இருந்தது, கறையான் ஊர்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை. காலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். காலைத் தூக்கியும் விட்டாளாம்.

மண்ணை மிதிக்காமல் காலைப் பின்னால் எடுத்து வைத்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"கவி, துணிமணிய எடுத்து வைப்பா. மண்ணு வந்திருச்சு."