விசில்காரரின் சுத்தமான பூங்கா

அந்தப் பூங்காவின் மேற்பார்வையாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. விசில்காரர் என்றால் குழந்தைகூட வழி காட்டும், கொஞ்சம் பயந்துகொண்டே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் மனுஷனாகத்தான் இருந்தார். மதிலோரமாக மரக்கன்று நட்டுத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். சிறந்த பூங்காவுக்குக் கேடயம் என்று நகராட்சி அறிவித்தது, பிடித்தது சனி. முதல் வருஷமே குப்பை கிடக்கிறது என்று கழித்துக்கட்டிவிட்டார்கள். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதில் அவருக்கு ஒன்று விளங்கியது. குப்பை தானாக வருவதில்லை, ஆட்கள்தான் கொண்டுவருகிறார்கள். ஆட்களே வராவிட்டால்?

புல்லைச் சுற்றிக் கம்பி போட்டார். பெஞ்சில் யாரும் கால் நீட்டிவிடாதபடி நடுவில் இரும்புத் தடுப்பு வைத்தார். ஊஞ்சல் தேய்ந்துபோகுமாம், அதற்கொரு பூட்டு. இத்தனைக்கும் மசியாமல் உள்ளே வந்தவர்களை விசில் பார்த்துக்கொண்டது. ஒரு நாள் கட்டிய மனைவியே காலாற வந்து புல்லில் உட்கார்ந்துவிட, ஊர் பார்க்க அவளையும் ஊதி எழுப்பினார். அதற்கப்புறம் அந்த அம்மாள் பூங்கா வாசலை மிதிக்கவில்லை. வீட்டிலும் பேச்சு அளந்துதான் வந்தது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஓய்வு பெறுவதற்குள் கேடயம் வந்தாக வேண்டும். அதை மாட்டக் கூடத்தில் ஆணிகூட அடித்துவைத்துவிட்டார்.

கடைசி வருஷம், பூங்கா கண்ணாடி மாதிரி பளபளத்தது. மத்தியான வெயிலில் வந்த நடுவர் அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

“சுடுதே! நிழல்ல ஒரு பெஞ்சு போடக் கூடாதா?”

“நிழல்ல போட்டா உக்காந்துடுவாங்க மேடம்,” என்றார் விசில்காரர், பெருமையாக.

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆளுங்க எங்க?”

பதிலை மதிலுக்கு வெளியே கேட்ட சிரிப்புச் சத்தம் சொன்னது. நடுவர் நேரே அங்கே போக, இவரும் பின்னாலேயே ஓடினார். அவர் நட்ட மரங்கள் கிளையை மதில் தாண்டி நீட்டியிருந்தன. உள்ளே விழ வேண்டிய நிழலெல்லாம் நடைபாதையில் விழுந்திருந்தது. பழைய பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் கிளையில் பழைய டயரைக் கட்டி ஆடிக்கொண்டிருந்தன. நடுநாயகமாக அவருடைய மனைவி, மடியில் பட்டாணியை உரித்தபடி. வீட்டில் பார்க்கக் கிடைக்காத சிரிப்பு அந்த முகத்தில்.

நடுவருக்கு ஒரு பெட்டி கிடைத்தது. உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“அருமையான இடம். யாரு இதைப் பாத்துக்கறாங்க?”

மனைவி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

“யாரும் பாத்துக்கறதில்லம்மா. அதான் நல்லா இருக்கு.”

விசில்காரருக்கு முகம் செத்துவிட்டது. பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து வாயில் வைத்தார். யாரைப் பார்த்து ஊதுவது என்றுதான் தெரியவில்லை.