கணக்கு வகுப்பில் ஒரு பியூன்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் புதுக்கோட்டையில் தாலுகா ஆபீஸ் பியூன். எங்கள் ஆபீஸிலேயே இளைய குமாஸ்தா ஒருவர், பி.எஸ்ஸி. கணக்கு படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். சாயங்காலம் ஒரு டுடோரியலில் கணக்கு எடுத்தார். எஸ்.எஸ்.எல்.சி.யைப் பிரைவேட்டாக எழுதப் போகிறவர்களுக்கான வகுப்பு அது. நானும் அதில் ஒரு மாணவன். பாஸானால் குமாஸ்தா ஆகலாம். ஏற்கெனவே இரண்டு தடவை கணக்கில் கோட்டை விட்டிருந்தேன். வயது வரம்பு தாண்டப் போகிறது. மூன்றாம் தடவைதான் கடைசி.

மண்டை நன்றாகத்தான் இருந்தது. வாய்தான் கெடுத்தது. பத்து வருஷ உத்தியோகத்தில் அது கற்றுக்கொண்டது "சரிங்க சார்" ஒன்றைத்தான். புரியாத உத்தரவுக்கும் அதையே சொல்லிவிட்டு, வெளியே போய் யாரையாவது கேட்டுக்கொள்வேன். வகுப்பிலும் அவர் "புரியுதா?" என்று திரும்பினால், எல்லாரையும் முந்திக்கொண்டு "சரிங்க சார்." அல்ஜீப்ராவை வெளியே போய் யாரிடம் கேட்பது?

அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் போர்டில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரியா இருக்கா?"

"சரிங்க சார்."

வகுப்பே சிரித்தது. ஐம்பத்தாறு என்று எனக்குத் தெரியாதா என்ன? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவர் எழுதியதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வது?

அவர் சிரிக்கவில்லை. "நான் தப்பா எழுதுனாலும் சரிம்பீங்கன்னா, ஒங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது? நாளையிலேர்ந்து தெனம் ஒரு தடவையாச்சும் எங்கிட்ட புரியலைன்னு சொல்லணும். சொல்லலைன்னா வகுப்புக்கு வராதீங்க" என்றார்.

மறுநாள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் எனக்குக் குளிர் விட்டுப் போனது. ஒரே தேற்றத்தை மூன்று தரம் நடத்த வைத்தேன். மற்றவர்கள் பல்லைக் கடித்தார்கள். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. அந்த மனுஷர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது.

ரிசல்ட் வந்த அன்று காலையில், பேப்பரும் கையுமாகத் திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினார். நான் பதறிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணே, பாஸாயிட்டீங்கண்ணே!"

பத்து வருஷத்தில் அந்த ஆபீஸில் யாரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. பாஸானது அப்புறம்தான் காதில் ஏறியது. அதற்குள் நான் அழ ஆரம்பித்திருந்தேன்.