மணிக்காரி மேல் விழுந்த நான்கு விநாடி

என் சின்ன மருமகளுக்குக் கணக்கெடுக்கும் வேலை. பணக்கணக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பெட்டி இருக்கிறதே, அதற்குள் ஒரு பிராசசர் உண்டு. அது எந்த வேலையை எப்போது செய்யவேண்டும் என்று முறை போட்டுக் கொடுப்பது இவள் எழுதிய நிரல். பிராசசர் எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று சொல்வதும் அதுதான். எனக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

பதினோரு வருஷம் ஒரே நாற்காலி, ஜன்னல் இல்லாத அறை. அதிர்ந்து பேசமாட்டாள்.

புதுப் பெட்டியைச் சோதித்தபோது, குழாய் அடைத்தால் உடனே அடிக்கவேண்டிய எச்சரிக்கை மணி நான்கு விநாடி தாமதமாக அடித்தது. மணிப் பகுதியை எழுதியவள் வேறொருத்தி; எங்கள் வீட்டில் அவளுக்கு மணிக்காரி என்றே பேர்.

"பிராசசர் பாதி நேரம் சும்மாதான் கிடக்கு. அப்புறம் மணி ஏன் லேட்டு? உன் கோளாறுதான்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமையோடு மணிக்காரியை வேலையிலிருந்து நிறுத்திவிட முடிவுசெய்தார் மேலாளர்.

பாதி நேரம் சும்மா என்று சொன்னது என் மருமகளின் கணக்கு. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, தப்பு என்னோடது."

"என்னடி தப்பு?"

"பிராசசரை நொடிக்கு நூறு தடவை எட்டிப் பாக்கற மாதிரி எழுதியிருக்கேன். அந்த நேரத்துல எந்த வேலை ஓடுதோ அது கணக்குல வரும். மருந்தைத் தள்ளற மோட்டாரை ஓட்டற வேலை, நான் பாத்துட்டுத் திரும்பினதும் ஆரம்பிச்சு, மறுபடி பாக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது. அது கணக்குல விழாததால, பிராசசர் சும்மா இருக்குன்னு காட்டிடுச்சு. அதை நம்பி மேல மேல வேலையை ஏத்திட்டாங்க."

"வாத்தியார் தலையைப் பாத்தா மட்டும் புஸ்தகத்தைத் திறக்கற பிள்ளையைப் பாத்திருக்கேன். இது தலைகீழா இருக்கே."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். நான் கேட்டேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப சத்தமில்லாம திருத்திடு. நீயா போய் எதுக்குத் தலையைக் கொடுக்கற?"

"சத்தமில்லாம திருத்தினா பழி அவ மேலயே நிக்கும். வெள்ளிக்கிழமை வந்தா மணிக்காரி போயிடுவா, அத்தை."

நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் அவள்.

அவள் கேட்கவில்லை. எட்டிப் பார்ப்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வேலையும் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் நேரத்தைக் குறிக்கும்படி மாற்றினாள். ஓட்டிப் பார்த்தால், பிராசசர் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வேலையில் இருந்தது. பழைய கணக்கையும் புதியதையும் மேலாளர் முன்னால் வைத்தாள்.

"மணிக்கு முறை வரவே நாலு விநாடி ஆகுது, சார். அவ எழுதினது சரி. என் கணக்குதான் தப்பு."

பெட்டியை வெளியே அனுப்பாமல் நிறுத்தி, கூடுதலாக ஏற்றிய வேலைகளைக் குறைத்தார்கள். மணிக்காரி தப்பித்தாள். என் மருமகளின் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. அவளைச் சோதனை அறைக்கு மாற்றினார்கள். மருந்துக்குப் பதில் தண்ணீர் ஏற்றி, குழாயைக் கையால் அழுத்திப் பிடித்து, மணி அடிக்கும்வரை நேரம் பார்க்கவேண்டும்.

சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

"இன்னிக்கு எப்படி?"

"உடனே அடிச்சுது, அத்தை."

தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.