தேத்தண்ணியைத் தொடாதவள்

பினாங்கில் நான் தரகனாக இருந்தேன். முன்பின் அறியாத இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து முதல் பேச்சைத் தொடங்கிக் கொடுப்பதுதான் என் தொழில். தமிழ், மலாய், சீனர் பேசுகிற ஹொக்கியன் கொஞ்சம், பிழைப்புக்கு வேண்டிய அளவு இங்கிலீஷ் தெரியும். வாய்தான் எனக்குச் சோறு போட்டது. அதனால் வாயைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முதல் சந்திப்பில் காரியத்தை எடுத்தவுடன் பேசுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. தமிழனிடம் போனால் முதலில் ஊரைக் கேட்கவேண்டும். ஊரைச் சொன்னதும் அங்கே தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார். பாதி வேலை முடிந்தது. வெள்ளைக்காரனிடம் குடும்பத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சீனர் வீட்டில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, கொடுக்கிற தேத்தண்ணியை வாங்கிக் குடிக்கவேண்டும். வயிறு நிறைந்திருந்தாலும் சரி, நாக்கு வெந்தாலும் சரி, உதட்டிலாவது வைத்துவிட்டுத்தான் கீழே வைக்கவேண்டும். அதைத் தள்ளினால் வீட்டுக்காரரையே தள்ளியதாக அர்த்தம். இதை நான் கூட்டிப்போகிற ஒவ்வொருவரிடமும் வழியிலேயே சொல்லிவிடுவேன்.

டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பெண்ணும் அவள் கொழுந்தனும் என்னைத் தேடி வந்தார்கள். அவள் புருஷன் மாடு வைத்துப் பால் விற்றவன். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். கொட்டகை நின்ற இடம், தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியுடையது. தவுக்கேயும் அவனும் எழுத்தில்லாமல் வாய்ப்பேச்சிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் தவுக்கேயும் இப்போது போய்விட்டார். இடத்தைக் காலி செய்யவேண்டும், அங்கே வரிசையாக வீடு கட்டப்போகிறேன் என்று அவருடைய மகன் ஆள் அனுப்பியிருந்தான். ஆனால் கடைசிச் சொல் தவுக்கேயின் மனைவியிடம் இருந்தது. அந்த அம்மாளைப் பார்த்துப் பேசிப் பார்க்கவேண்டும்.

இடம் போனால் மாடுகளை நிறுத்த வேறு இடம் கிடையாது. மாடுகளை விற்றுவிட்டால் இவள் கொழுந்தன் வீட்டில் ஒரு மூலையில் ஒண்டவேண்டும், இல்லையென்றால் கப்பல் ஏறவேண்டும். நாகப்பட்டினத்தில் இறங்கினால் அவளை அழைத்துப்போக யாரும் இல்லை.

கொழுந்தனுக்கு அவள் கூட வருவதில் இஷ்டமில்லை. "அண்ணே, வெள்ளைச் சேலையோட அண்ணி முன்னால போயி நின்னா காரியம் விளங்குமா? நாம ரெண்டு பேரு போவோம்" என்றான்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தம்மாவும் புருஷனப் பறிகொடுத்தவங்கதானே. நான் வாறேன்."

டிராமில் வழக்கம்போல எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தேத்தண்ணியை மறுக்காதீர்கள், நிலத்தைப் பற்றி நான் எடுக்கிறவரை நீங்கள் எடுக்காதீர்கள் என்றேன். கொழுந்தன் தலையாட்டினான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டு நிலைப்படியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். சீனர் வீட்டில் எங்கும் தெரிகிற சிவப்பு எதுவும் கண்ணில் படவில்லை. தவுக்கேயின் மனைவி வெளுத்த நீலச் சட்டை போட்டிருந்தார். சட்டைக் கையில் முரட்டுச் சாக்குத்துணித் துண்டு ஒன்றைக் குத்தியிருந்தார். அது அவர்களுடைய துக்க அடையாளம். மகன் பின்னால் நின்றான். அந்த அம்மாளுக்கு மலாய் நன்றாக வரும். நான் தவுக்கேயைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, சாப்பிட்டாயிற்றா, உடம்பு எப்படி, மலையில் மழை எப்படி என்று என் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். தேத்தண்ணி வந்தது. நானும் கொழுந்தனும் எடுத்தோம்.

அவள் எடுக்கவில்லை. கிண்ணத்தைக் கையாலேயே தள்ளி வைத்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, அந்த அம்மாளின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். நம் பெண்கள் துக்க வீட்டில் கட்டிக்கொண்டு அழுவார்களே, அதேபோல, வாய்விட்டு, உடம்பு குலுங்க அழுதாள்.

நான் என் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மகன் ஒரு அடி முன்னால் வந்தான். அம்மாள் கையை உருவிக்கொள்ளப் பார்த்து, பிறகு அப்படியே இருக்க விட்டார். முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. முகம் படிப்பதுதான் என் தொழில். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அழுது முடித்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். கும்பிடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரையும் திரும்பிப் பார்க்கவுமில்லை. நேராக வெளியே போய்விட்டாள். நிலத்தைப் பற்றி நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"உங்க பொம்பளைக்கு எங்க தண்ணி ஆகாதோ?" என்று மகன் மலாயில் கேட்டான்.

கெட்டது காரியம் என்றுதான் நினைத்தேன். இனி அலங்காரப் பேச்சு உதவாது என்பதால் உள்ளதைச் சொன்னேன். எங்களில் துக்கம் கேட்கப் போன வீட்டில் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டோம். போய்வருகிறேன் என்றும் சொல்லமாட்டோம். அந்த வீட்டுக்கு இன்னொரு முறை அதே காரியமாக வரவேண்டாம் என்பதற்காக. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் மரியாதை. அவள் இடத்தைக் கேட்க வந்தவள்தான். ஆனால் துக்கம் கேட்காமல் வேறு பேச்சு அவளுக்கு வரவில்லை.

அவள் தள்ளி வைத்த கிண்ணத்தையே அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ புருஷன் போயி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

மழைக்காலத்தில் என்றேன். அவர் எழுந்தார். மகன் ஏதோ ஹொக்கியனில் சொல்ல வந்தான். கையைக் காட்டி நிறுத்திவிட்டு வாசலுக்கு நடந்தார். வீட்டு முன்னால் கூரைபோட்ட அஞ்சடி நடைபாதையில், தூணோரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நானும் மொழிபெயர்க்கப் பின்னாலேயே ஓடினேன். தேவைப்படவில்லை. வீடுவீடாகப் பால் ஊற்றியவளுக்கு என்னைவிடச் சரளமாக மலாய் வந்தது. ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று அம்மாள் கேட்டார். இல்லை என்றாள். எனக்கும் இல்லை என்றார் அவர். இப்படியே சின்னச் சின்னதாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில், "கெழவர் சொன்னது சொன்னதுதான். மாடு அங்கேயே நிக்கட்டும்" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, இத்தனை காலம் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று ஒரு கலக்கமும் இருந்தது.

திரும்பும் டிராமில் கொழுந்தனுக்கு வாய் ஓயவில்லை. அந்தக் கொட்டகையில் அவனுக்கும் பங்கு உண்டு. "அண்ணி, பிரமாதமா நடிச்சீங்க! நான் பயந்தே போயிட்டேன். தரகர் அண்ணன் சொல்லிக் கொடுத்ததா?"

என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"உங்க அண்ணன் செத்தன்னைக்கு வீடு நெறைய ஆளு வந்தாங்க தம்பி. வந்தவங்க எல்லாம் மாடு என்ன வெலை போகும்னுதான் கேட்டாங்க. என் கையப் புடிச்சு ஒருத்தரும் அழல. மொதல்ல வெலை கேட்டது நீங்கதான்."