கழுவி வைத்த கீபோர்டு

குளிர் என்று யாராவது சொன்னால் எனக்கு மார்கழி நினைவுக்கு வருவதில்லை. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்குள் கால் வைத்ததும் உள்ளங்காலில் ஏறிய சில்லிப்பும், புது பிளாஸ்டிக்கும் ரப்பர் விரிப்பும் சேர்ந்து அடித்த மருந்துக்கடை வாசனையும்தான் வருகின்றன. சின்னமனூரில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏ.சி. இருந்த ஒரே அறை அது. ஏ.சி. எங்களுக்காக இல்லை, உள்ளே துணி போர்த்தி உட்கார்ந்திருந்த நான்கு "பொட்டி"களுக்காக. அவற்றுக்கு வேர்க்கக் கூடாதாம். வேர்த்தது எங்களுக்குத்தான், அந்தக் குளிரிலும், உள்ளங்கை நிறைய.

பிளஸ் ஒன்னில் நான் கம்ப்யூட்டர் "குரூப்பு" எடுத்தது ஆசைப்பட்டு இல்லை. பத்துப் பேராவது சேராவிட்டால் குரூப்பே கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டதால், கடமலைக்குண்டிலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சார், அந்தக் கோடையில் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்டார். மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அந்தப் பொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அவிந்துபோகும் என்று பக்கத்து வீட்டார் சொல்லி வைத்திருந்ததால் அப்பா சார் முகத்தையே உற்றுப் பார்த்தார். சார் கண்ணாடி போட்டிருந்தது வேறு அவர் பக்கத்தைப் பலவீனமாக்கியது. "அண்ணே, இன்னும் கொஞ்ச நாள்ல வயலுக்கு மருந்தடிக்கிறதக்கூட இதுலதான் பாத்துச் சொல்லுவாக" என்றார் சார். "அப்ப களையெடுக்கவும் அதையே வரச் சொல்லுங்க" என்று அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சார் போன பிறகு, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார். "ஆத்தா, ஒன்னைய நம்பி விடுறேன். பள்ளிக்கூடத்துலருந்து ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே பைய மூலையில வச்சுரணும்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் ஆறியதும் மறந்துவிடுவார் என்று நான் தைரியமாக இருந்திருப்பேன். எங்கள் தெருவில் அப்படிப் பை மூலைக்குப் போன பெண்கள் மூன்று பேர் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இடுப்பில் பிள்ளையோடு தண்ணிக் குழாயடிக்கு வருவார்கள்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். முதல் நாளே பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, அறை வாசலில் நின்று, "ஒரு மிசினுக்கு ஒன்னுன்னாலும் ரூமைப் பூட்டிருவேன், குரூப்பே வேணாம்னு எழுதிப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் சார் ஒரு பட்டியல் சொன்னார். செருப்பு கூடாது, சாக்பீஸ் தூசி கூடாது, தலையில் உதிர்கிற பூ கூடாது, தின்பண்டம் கூடவே கூடாது. தண்ணீரைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் தண்ணீரில் கழுவ ஒருத்தி வருவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இதே வயல்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு அது தோன்றாமல் போனது அவர் தப்புதான் என்று பிற்பாடு பல தடவை மனதுக்குள் அவர்மேல் பழியைத் தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், நிற்கவில்லை.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்பது கழுவுகிற பண்டிகை. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், சைக்கிள், தோளில் மாட்டி மருந்தடிக்கிற "மிசினு", கிணற்று மோட்டாரின் மேல்மூடி என்று கையில் அகப்படுகிற எல்லாவற்றையும் வாய்க்காலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் காய்வதற்குள் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். மருந்தடிக்கிற மிசினைக் கழுவுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. "அழுக்கோட பூசையில வச்சா அது நம்மள மதிக்காது, வருசம் பூராவும் மக்கர் பண்ணும்" என்று அப்பா சொல்வார். நான் கழுவிய மிசினு ஒரு வருஷமும் மக்கர் செய்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் எல்லா அறைகளையும் பெருக்கிப் பொட்டு வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் அறையின் சாவி எஸ்தரிடம் இருந்தது. என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். வீடு பள்ளிக்குப் பக்கம் என்பதால் காலையில் அறையைத் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவள் பொறுப்பு. சார் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார். "எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்லடி, நீ போயிப் பொட்டு வச்சுட்டு வா, நான் அங்கன மரத்தடியில நிக்கிறேன்" என்று எஸ்தர் சாவியை என் கையில் கொடுத்தாள்.

நான் தனியாக உள்ளே போனேன். துணியை விலக்கினேன். முறை வைத்துப் பன்னிரண்டு பேர் விரலும் நான்கு மாதம் பட்டதில் மூன்றாவது மிசினின் கீபோர்டு கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. அது எங்கள் முறை வரும்போது நானும் எஸ்தரும் உட்காருகிற மிசின். இந்த அழுக்கோடு பூஜையில் வைப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒயரைப் பிடுங்கினேன், பின்பக்கக் குழாயடிக்கு எடுத்துப்போனேன், சோப்புத்தூள் போட்டு நாரால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்து, குழாய்க்கு நேராகப் பிடித்து அலசினேன். பால் போல வெளுத்தது. தாவணி முந்தியால் துடைத்து, பழையபடி சொருகி, நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, துணியைப் போர்த்திப் பூட்டிச் சாவியை எஸ்தரிடம் கொடுத்தேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து சார் மூன்றாவது மிசினைப் போட்டதும் அது கத்த ஆரம்பித்தது. விட்டு விட்டு, மெல்லிசாக, நிற்காமல் ஒரு சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. அதில் வெள்ளையாக ஒரே ஒரு வரி இங்கிலீஷ். சார் அணைத்துப் போட்டார், மறுபடி கத்தியது. கீபோர்டைக் கையில் எடுத்துச் சாய்த்தார். அதன் மூலையிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் மேஜையில் விழுந்தது. எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கண்முன்னால் பெரிய டீச்சர் இல்லை, சார் இல்லை; வீட்டு மூலையும் என் பையும்தான் தெரிந்தன.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சரே வந்துவிட்டார். "யாரு தண்ணி ஊத்துனது? சாவி யார் கையில இருந்துச்சு?" என்றார். எஸ்தர் எழுந்து நின்றாள். "எங்கிட்டதான் டீச்சர் இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. பின்வரிசையில் யாரோ, "அவதான் பூசைக்கே நிக்கலயே, அதான்" என்று முணுமுணுத்தார்கள். அது அநியாயமான பேச்சு என்று எனக்குத் தெரியும். எழுந்து "நான்தான்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும் என்றும் தெரியும். நான் பெஞ்சைவிட்டு எழவில்லை. பெரிய டீச்சர் சொன்னபடியே அறையைப் பூட்டினார்.

அடுத்த பத்து நாள் நான் சோறு தின்றேனா என்று நினைவில்லை. தெருவில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் சார் அப்பாவைப் பார்க்க வந்துவிட்டார் என்று நினைப்பேன். அப்பா "ஆத்தா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாலும் பை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். எஸ்தரோ எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், எப்போதும்போலப் பாதி முறுக்கைக் கொடுத்தாள். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் நாள் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். பெரிய டீச்சர் அறையில் கொஞ்ச நேரம் நின்றார். எம்பிள்ளை பொய் சொல்லாது, ஆனாலும் பழியோடு அவள் இந்த வகுப்பில் இருக்க வேண்டாம் என்று சொன்னாராம். அன்று மதியம் எஸ்தர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு காமர்ஸ் வகுப்புக்குப் போனாள்.

தப்புக்காரி போய்விட்டாள் என்று மறுநாள் பெரிய டீச்சர் அறையைத் திறந்துவிட்டார். அந்தப் பத்து நாளும் சார் கீபோர்டின் திருகுகளைக் கழற்றி அதை மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டிருந்திருக்கிறார். சொருகிப் போட்டால் கத்தவில்லை. ஒரு எழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது, மற்றவையெல்லாம் முன்பைவிட நன்றாகவே விழுந்தன. "தண்ணி பட்டா இது ஒன்னும் செத்துப் போறதில்ல, காயவச்சாப் பொழச்சுக்கும். அன்னைக்கே சொல்லியிருந்தா இத்தனையும் வேணாமுல்ல" என்றார் சார். பதினொரு பேரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

பிறகு நான் படித்தேன், பெங்களூரு போனேன், இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழிலில் இருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் சார் ஏறி இறங்கியது வீண் போகவில்லை. உள்ளே இருக்கிற எனக்குத் தெரிந்தது வேறு. வெள்ளிக்கிழமை மாலையில் காரணம் சொல்லாமல் ஒரு மீட்டிங் அழைப்பு வந்தால் உள்ளங்கை வேர்க்கிறது. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் திங்கட்கிழமை பட்டியலில் இருப்பதில்லை. நாங்கள் செய்கிற வேலையைத் தானே செய்துவிடும் ஒன்றை நாங்களே உட்கார்ந்து பழக்கிக்கொண்டிருக்கிறோம். இதையெல்லாம் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. பயத்தை வாய்க்குள் வைத்திருப்பதில் எனக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி உண்டு.

இந்தக் கோடையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்து, ஐ.டி. படிக்கச் சொல்லிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் பழைய அறை இப்போது இல்லை, இடித்துவிட்டு மாடிப்படி கட்டியிருக்கிறார்கள். மேலே முப்பது கம்ப்யூட்டர்களோடு பெரிய கூடம். பிள்ளைகள் செருப்போடு உள்ளே போய் வருகிறார்கள். துணி போர்த்துவதில்லை, ஏ.சி. இல்லை, மின்விசிறிதான். மிசினைக் கண்டு ஒருத்திக்கும் பயமில்லை. சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். என் அப்பாவும் இல்லை.

நல்லதாக நாலு வார்த்தை பேசி முடித்ததும், பெற்றோர் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். எஸ்தர். பாத்திரக்கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "இந்த வேலையில இப்ப ஆளக் குறைக்கிறாகன்னு சொல்றாகளே. எம்மகளச் சேக்கலாமா, வேணாமா? நீங்க உள்ளுக்குள்ள இருக்கவுக, சொல்லுங்க" என்றாள். என்னை அவள் "நீங்க" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மேடையில் என் முன்னால் இருந்த காகிதத்தில் இதற்குப் பதில் இருந்தது. வாய்ப்புகள் குறைவதில்லை, மாறுகின்றன என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்க முடியவில்லை. "எனக்குத் தெரியல. சேருங்க, படிப்பு வீணாப் போகாது. ஆனா வேலை நெலைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கே தெனமும் பயமாத்தான் இருக்கு" என்றேன். என்னை அழைத்திருந்த ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியாமல், இதே பள்ளியில் ஒரு கீபோர்டைக் கழுவியது நான்தான், பழியை வேறொரு பெண் சுமந்தாள், நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். கீபோர்டைக் கழுவினேன் என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் அவளைப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் அவள் மகள், செல்போனைப் பார்த்தபடி. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுப்பதற்குள் எஸ்தர் பேசினாள்.

"சாவிய ஒங்கிட்டதானடி குடுத்தேன், எனக்குத் தெரியாதா? நீயா எந்திரிப்பேன்னு பத்து நாளும் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன்."

மேலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளுக்கு நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"இவள போன வாரமே கோயம்புத்தூர்ல சேத்தாச்சு, கம்ப்யூட்டருக்குத்தான்" என்று மகளின் தலையில் கை வைத்தாள். "சேக்கலாமான்னு கேக்க வரல. இந்தத் தடவையாவது வாயத் தொறக்கியான்னு பாக்க வந்தேன்."

மகளைக் கூட்டிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.